பெரட்டு

பாடாங் செராய் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
லிம்மின் கண்ணாடிப் பெட்டிக்குள்
பதினொரு பழைய போன்கள்
மல்லாந்து கிடக்கின்றன.
"கேமரா நல்லா இருக்கு அக்கா" என்கிறான்.
"பேட்டரி புதுசு" என்கிறான்.
கேமரா இருக்கட்டும் லிம்,
பூட்லோடர் திறக்குமா?
அவன் தம்பியைக் கூப்பிடுகிறான்.

தைப்பூசத்துக்கு மறுவாரம்
மோட்டார் சைக்கிள் தவணைக்காக
கோகிலவாணி ஒரு கடன் செயலியைத் தொட்டாள்.
அனுமதி, அனுமதி, அனுமதி என்று
மூன்று முறை கேட்டது.
மூன்று முறை கொடுத்தாள்.
நாலு நாள் தள்ளிப்போனதும்
போனில் இருந்த இருநூற்றுப் பதினாறு பேருக்கும்
அவள் அடையாள அட்டை போனது,
முகத்தின் மேல் சிவப்பு எழுத்தோடு.
கோயில் செயலாளருக்கு. பல் மருத்துவருக்கு.
விட்டுப்போன கணவனின் புது மனைவிக்கு.
எனக்கும் வந்தது.
எடைமேடை ஜன்னலில் நின்று திறந்தேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

அன்றிரவு தேடத் தொடங்கியவள்தான்.

விலை குறைந்ததெல்லாம் பூட்டியே வருகிறது.
ஒரு கம்பெனி திறக்கவே விடாது.
இன்னொன்று ஏழு நாள் காத்திரு என்கிறது,
கல்யாணப் பதிவு அலுவலகம் மாதிரி.
அமெரிக்காவில் யாரோ தள்ளிவிட்டது மலிவாக வரும்,
ஆனால் அந்தப் பொத்தான்
சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.
ஒழுங்காகத் திறக்கும் என்று எல்லோரும் சொல்வது
யார் கண்ணில் படக்கூடாது என்கிறேனோ
அவர்களே செய்து விற்கும் போன்.
நடு ராத்திரியில் தனியாகச் சிரித்தேன்.
கள்ளனுக்குப் பயந்து
கள்ளனிடமே பூட்டு வாங்கப் போகிறேன்.

ரொம்பப் பழையதென்றால்
அடுத்த மே மாதத்தோடு கைவிட்டுவிடுவார்கள்.
புதியது என் இரண்டு மாத ஓவர்டைம்.
நடுவில் ஒன்று இருக்கிறது,
முதுகில் கீறல், மூன்று வருஷம் ஆயுள் பாக்கி.
அதைத்தான் லிம்மின் தம்பி
இழுப்பறை அடியிலிருந்து எடுக்கிறான்.

உள்ளே போய் ஏழு முறை தட்டுகிறேன்.
'நீங்கள் இப்போது உருவாக்குநர்' என்கிறது,
எஸ்.பி.எம்.மில் கணக்கு தோற்றவளைப் பார்த்து.
இன்னும் கீழே இறங்குகிறேன்.
பொத்தான் சாம்பலாக இல்லை.
தொட்டால்
நகர்கிறது.

நானூற்றிருபது என்றான் லிம்.
நம்பரே சரியில்லையே என்றேன்.
அவனுக்கும் புரிந்து சிரித்தான்.
முந்நூற்று எண்பத்தைந்து வெள்ளி.

இரவு ஷிப்டில், ஆபீஸ் கணினியில்,
இரண்டு முறை பாதியில் நின்றது.
போனைத் திட்டினேன், கேபிள்தான் கோளாறு.
மூன்றாம் முறை ஒரு வெற்றுத் திரை வந்தது.
பெயர் கேட்கவில்லை.
பிறந்தநாள் கேட்கவில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வங்கிச் செயலி மட்டும் வர மாட்டேன் என்றது.
சரி, பாசார் மாலாமில் இனி ரொக்கம்.

ஆலையில் வருகைப் பதிவும் செயலிதான்.
பெரட்டுக்கு நிறுத்தி ஆள் எண்ணிய காலம் போச்சு
என்று தீபாவளி விருந்தில் மெனேஜர் பேசினார்.
எங்கே போச்சு?
அது காலை ஐந்தரைக்கு ஒரு தடவை எண்ணியது.
இது கைலிக்குள் படுத்திருக்கும்போதும் எண்ணுகிறது.

அதனால் பழைய போனை
எடைமேடை இழுப்பறையில் சார்ஜரோடு விட்டுவிட்டேன்.
அது வேலையை விட்டு நகர்வதில்லை.
ஞாயிற்றுக்கிழமையும் ஆலையில்தான்.
இந்த மாதச் சிறந்த ஊழியர் பட்டியலில்
மூன்றாவதாக என் பெயர்.

புதியதில், புது சிம்மில்,
எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை அழுத்தினேன்.
எடுக்கவில்லை.
மறுபடியும் எடுக்கவில்லை.
மூன்றாம் முறை எடுத்தாள், பேசவில்லை.
தெரியாத நம்பருக்குப் பயந்த மூச்சு மட்டும்.

கோகிலா, நான்தான் என்றேன்.